எந்த வழியால் சொந்தம்

மவுன், பொட்ஸ்வானா
3 பெப்ரவரி 2025

அன்புள்ள நிதுஷன்,

என் பெயர் சிறிபவன். நாம் சந்தித்ததில்லை. உங்கள் மனைவி வினுஷா இந்த ஊரில் மருந்தாளராக வேலை செய்த காலத்தில் அவவைத் தெரியும். உங்கள் மின்னஞ்சல் முகவரியை அவவின் அக்கா கல்யாணியிடம் வாங்கினேன். வினுஷா போன மார்ச்சில் தவறியது எனக்கு ஒக்டோபரில்தான் தெரியவந்தது. அன்றைக்கே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றுதான் வந்தது. அழித்துவிட்டேன். இப்போது நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், அதுவும் ஓர் உதவி கேட்டு. இதைவிட மோசமாக ஒரு முதல் கடிதத்தை எழுத முடியாது என்று எனக்கே தெரியும்.

நான் இங்கே கணித ஆசிரியர். 2013 ஜனவரியில் வந்தேன். வருகிற ஜூனில் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. இனி அந்த இடத்துக்கு இந்த நாட்டுக்காரரைத்தான் எடுப்பார்கள், நியாயம்தான். ஒப்பந்தம் முடிந்தால் வசிப்பு அனுமதியும் முடிந்துவிடும். ஆகவே குடியுரிமைக்குப் போட்டிருக்கிறேன். கடந்த பன்னிரண்டு வருடத்தில் பத்து வருடம் இங்கே வசித்ததாகக் காட்ட வேண்டும். அம்மாவுக்குச் சுகமில்லாமல் இரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் போய் நின்றேன். அதைக் கழித்தால் சரியாகப் பத்து. அந்தப் பத்தில் 2014க்கும் 2015க்கும் என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அப்போது நான் படிப்பித்த சின்னப் பள்ளி மூடிவிட்டது. வீட்டுக்காரி மா தாதோ போன வருடம் செத்துப்போனா. கடவுச்சீட்டு முத்திரை வந்த நாளைக் காட்டும், இருந்த நாளைக் காட்டாது என்கிறார்கள் குடியுரிமைக் கந்தோரில்.

மா தாதோவின் வளவில் வாடகைக்கு இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் வினுஷா, மற்றதில் நான். வாடகை ஒப்பந்தம் ஒன்றுதான். இரண்டு பெயரும் அதில் இருக்கும். வினுஷா எதையும் எறியாத ஆள். அவுஸ்திரேலிய விசாவுக்குப் பத்து வருட முகவரி கேட்டபோது அந்தக் காகிதம் உதவியது என்று ஒருமுறை எழுதியிருந்தா. பச்சை நிறக் கோப்பு ஒன்றில் வைத்திருப்பா, அது உங்களிடம் இருக்கிறதா என்று பார்ப்பீர்களா?

ஏப்ரல் முடிவுக்குள் கொடுக்க வேண்டும். முடியாது என்றால் ஒரு வரி போதும்.

சிறிபவன்


பென்டில் ஹில், சிட்னி
16 பெப்ரவரி 2025

திரு. சிறிபவன்,

கடிதம் கிடைத்தது. பச்சைக் கோப்பு இந்த வீட்டில் இல்லை. அவளுடைய காகிதங்கள் மூன்று பெட்டி. கல்யாணி அக்கா மெல்பேர்ணுக்கு, ரோவிலில் இருக்கும் தன் வீட்டுக்கு, ஏற்றிக்கொண்டு போய்விட்டா. நான்தான் கொண்டுபோகச் சொன்னேன்.

"ஒருமுறை எழுதியிருந்தா" என்கிறீர்கள். எந்தத் திகதி? எங்கள் திருமணம் 2017 ஜனவரி. அதற்கு முன்பா, பின்பா?

ஏழு வருடம் ஒன்றாக இருந்தோம். மவுன் என்று ஊர்ப் பெயர் சொல்லியிருக்கிறாள். யானை றோட்டைக் கடக்கும்வரை பஸ் காத்து நிற்கும் என்று சொல்லியிருக்கிறாள். சிறிபவன் என்று ஒரு பெயர் அவள் வாயில் வந்ததில்லை. அவளுடைய விசாப் படிவம் முழுவதையும் நான்தான் நிரப்பினேன். அந்த வளவின் இலக்கத்தை என் விரலாலேயே அடித்திருக்கிறேன். அங்கே வேறு யார் இருந்தார்கள் என்று படிவம் கேட்கவில்லை. ஆகவே நானும் கேட்கவில்லை.

நேற்று இங்கே தமிழ்க் கடையில் இடியப்பம் எடுத்துக்கொண்டு நின்றேன். ஓர் அன்ரி என் கூடைக்குள் எட்டிப் பார்த்தா.

"ஒரு பைக்கற்றோ தம்பி? அப்ப இன்னும் தனியத்தான்."

"ஓம்."

"வயசு என்ன, முப்பத்தெட்டு இருக்குமோ? அது ஒண்டும் பெரிய வயசில்லை."

ஓம் என்று அதற்கும் சொன்னேன். இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நிதுஷன்


மவுன்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள நிதுஷன்,

2017 ஜூலை 9. திருமணத்துக்குப் பின்புதான். ஒரே ஒரு கடிதம். சிட்னிக்கு வந்து சேர்ந்ததை எழுதியிருந்தா. "இவர் ரயில் சிக்னல் எஞ்சினியர். ஒரு நாளைக்கு ஒன்பது வசனம் பேசுவார். ஒன்பதும் சரியாயிருக்கும்" என்று உங்களைப் பற்றி இருந்தது. நான் பதில் போடவில்லை.

அவவைத் தெரிந்த ஒருவருடன் பேசி நாளாயிற்று. அதனால் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதக் கடைசியில் எனக்கு செட்ஸ்வானா மொழியில் நேர்முகம். நாட்டு மொழி பேசத் தெரியாமல் குடிமகனாக முடியாது. நான் பன்னிரண்டு வருடமாகத் தடவிப் பிடித்த மொழியை வினுஷா மருந்துக் கவுண்டரில் நின்றே ஆறு மாதத்தில் பிடித்தா. வயிற்று வலி, வாந்தி, மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. "முதல்ல வருத்தத்தைப் படியுங்கோ, மிச்சம் தானா வரும்" என்பா. நான் இலக்கணத்தில் தொடங்கினேன். அதுதான் இன்னும் மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மா தாதோவின் பழைய பிக்கப்பில் அவவுக்கு மணலில் வாகனம் ஓடப் பழக்கினேன். முதல் நாள் மூன்று தரம் புதைந்தோம். மூன்றாம் மாதம் சந்தைக்குள் பின்பக்கமாகவே விட்டு, தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் திருப்பி எடுத்தா. கிழவிகள் கை தட்டினார்கள்.

ரோவிலுக்குப் போகும் எண்ணம் இருந்தால், கோப்பை ஒருமுறை பாருங்கள். அவசரப்படுத்தவில்லை. அவசரம்தான், ஆனால் உங்களை அவசரப்படுத்தவில்லை.

சிறிபவன்


பென்டில் ஹில்
11 மார்ச் 2025

திரு. சிறிபவன்,

அவளுடைய ஆண்டுத் திவசத்துக்கு ரோவிலுக்குப் போனேன். கோப்பு இருந்தது. ஒப்பந்தமும் இருந்தது. இரண்டு பெயர், இரண்டு கையெழுத்து, 2014 ஜனவரி முதல் 2015 டிசம்பர் வரை. உங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருக்கிறது.

உங்கள் பெயருக்குப் பக்கத்தில் "உறவு" என்று ஒரு கட்டம். அதில் அவளுடைய கையெழுத்தில், ஆங்கிலத்தில், "கசின்" என்று எழுதியிருக்கிறது.

என்ன கசின்?

வெள்ளைக்காரனுக்கு அது ஒரு சொல். எங்களுக்கு அப்படியில்லை. கசின் என்றால் தங்கச்சியாகவும் இருக்கலாம், மச்சாளாகவும் இருக்கலாம். ஒன்று, ஒரே வளவில் இரண்டு வருடம் இருந்தாலும் யாரும் வாய் திறக்க முடியாத உறவு. மற்றது, ஊரே தாலியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் உறவு. அவள் ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தாள்?

கல்யாணி அக்காவைக் குசினிக்குள் பிடித்துக் கேட்டேன். வடைக்கு அரைத்துக்கொண்டு நின்றா.

"சிறி அண்ணாவோ? அவர் எங்கட சொந்தம்தானே."

"என்ன சொந்தம்?"

"அப்பா வழியால பாத்தா அண்ணா."

"வேற வழியும் இருக்கோ?"

அரைக்கும் மெஷினை நிறுத்தினா. "இருக்கு. ஐயோ நிதுஷன், அது பெரிய சிக்கல், இண்டைக்கு இதெல்லாம் வேணுமே?" பிறகு மெஷினைத் திரும்பப் போட்டுவிட்டா. இனி என்ன கேட்டாலும் சத்தத்தில் கேட்காது.

இன்னொன்று. அவளுக்குக் கார் பழக்கியது நான். லிட்கமில் ஒரு பூட்டிய தொழிற்சாலையின் வெறும் தரிப்பிடத்தில், பதினொரு ஞாயிறு. "எனக்கு ஒண்டும் தெரியாது, முதல்ல இருந்து சொல்லித் தாங்கோ" என்றாள். பிரேக் எது, கிளச் எது என்று காட்டினேன். கியர் மாற்றும்போது அவள் கைக்கு மேல் என் கையை வைத்துப் பழக்கினேன். இப்போது அந்தக் கைக்கு முதல் இன்னொரு கை இருந்ததாக எழுதுகிறீர்கள். தக்காளிக் கூடை, கிழவிகள், கை தட்டல். எனக்கு இருந்தவை பதினொரு ஞாயிறு. அதையும் எடுத்துவிட்டீர்கள்.

என் வேலையில் ஒரு விதி இருக்கிறது. தண்டவாளத்தில் ரயில் நிற்கிறதா இல்லையா என்று கருவிக்குத் தெரியாவிட்டால், நிற்கிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். சிக்னல் சிவப்பாகும். உண்மை தெரியும் வரைக்கும் ஒருவரும் அசைய முடியாது. நீங்களும்தான்.

ஒப்பந்தம் என் மேசையில் இருக்கிறது.

நிதுஷன்


மவுன்
14 மார்ச் 2025

அன்புள்ள நிதுஷன்,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சொன்ன பிறகு அந்தத் தாளை அனுப்புங்கள் என்று கேட்க மாட்டேன். பதிலுக்குக் கூலியாக அது வரக்கூடாது.

என் அப்பா வினுஷாவின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தமையன். அந்த வழியால் அவவின் அப்பா எனக்குச் சித்தப்பா, அவ தங்கச்சி. என் அம்மாவோ, இன்னொரு பக்கத்தால், அதே மனிதருக்குத் தங்கச்சி முறை. அந்த வழியால் அவர் எனக்கு மாமா, அவ மச்சாள். அப்படியென்றால் என் அப்பாவும் அம்மாவும் அண்ணன் தங்கையா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கடைசி வரைக்கும் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒரு கலியாணமும் நடக்காது.

கலியாணம் கட்டாத இரண்டு பேருக்கு மா தாதோ வளவைக் கொடுக்கமாட்டேன் என்றா. நாங்கள் சொந்தக்காரர் என்றேன். "ன்ட்சாலா?" என்று கேட்டா. கசின் என்கிறா என்று நினைத்து, ஓம் என்று பெரிதாகத் தலையாட்டினேன். கிழவி என்னைப் பார்த்தா, வினுஷாவைப் பார்த்தா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. மறுநாள் பள்ளியில்தான் தெரிந்தது. இவர்களுக்கும் எங்களைப் போலவே கசினில் வகை இருக்கிறது. ன்ட்சாலா என்றால் மாமாவின் பிள்ளை, அத்தையின் பிள்ளை. பகிடி பண்ணலாம், கட்டலாம். இரண்டு வருடமும் மா தாதோ என்னைக் காணும் இடமெல்லாம் "மாடு எப்ப கொண்டு வாறாய்?" என்று கேட்டா. இங்கே பெண்ணெடுக்க மாடு கொடுக்க வேண்டும்.

வினுஷா அதற்குச் சிரிப்பா. ஒப்பந்தத்தில் எழுதும்போது மட்டும் பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தா. பிறகு "இங்கிலீஷ்ல எழுதினா ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை" என்று கசின் என்று போட்டா.

2015 டிசம்பரில் நான் கேட்டேன். நேரே கேட்கத் தைரியம் இல்லை. "உங்கட அப்பாவை நான் மாமா எண்டு கூப்பிடலாமோ?" என்றேன். அவவுக்கு விளங்கிவிட்டது. அறைக்குள் போய்விட்டா. இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போகும் வழியில் என் வாசலில் நின்றா.

"சித்தப்பா எண்டே கூப்பிடுங்கோ, சிறி அண்ணா."

அதற்கு முதல் அவ என்னை ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு அண்ணாவைத் தவிர வேறொன்றும் கூப்பிட்டதில்லை. ஜனவரியில் நான் வேறு இடத்துக்கு மாறிவிட்டேன். ஒரு வருடம் கழித்து உங்களைக் கட்டினா. இவ்வளவுதான். நீங்கள் சிவப்புப் போட்ட பாதையில் ரயில் இல்லை, நிதுஷன். இங்கே நிற்கலாமா என்று கேட்ட ஒருவன் மட்டும் ஒருநாள் நின்றான்.

கார் பற்றி. மணலிலும் சந்தையிலும் அவ பிக்கப் ஓடுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவவுக்கு நன்றாக ஓடத் தெரியும். தெரிந்துகொண்டு, பிரேக் எது என்று கேட்டு, பதினொரு ஞாயிறு உங்களுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறா. எனக்காக அவ தெரிந்த ஒன்றையும் இப்படி மறந்ததில்லை. பொறாமை உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

ஏன் இந்த நாடு என்று நீங்கள் கேட்கவில்லை. நேர்முகத்தில் கேட்டார்கள். இரட்டைக் குடியுரிமை இங்கே இல்லை, இலங்கைக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சம்மதமா என்றார்கள். ஓம் என்றேன். காரணம் என்ன என்றார்கள். மாட்டு நோய் வந்து சோதனைக்கு றோட்டை மறித்தால் எனக்கும் கோபம் வருகிறது என்றேன். விருந்தாளிக்கு அந்தக் கோபம் வராது. ஒருவர் சிரித்தார், மற்றவர் எழுதிக்கொண்டார். மொழியில் தேறிவிட்டேன். காகிதத்தில்தான் தேறவில்லை. ஜூனில் பெட்டி கட்ட வேண்டி வந்தால், போவதற்கு ஒரு வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. அம்மாவும் போய்விட்டா. இதை உங்கள் மனதை இளக்க எழுதவில்லை. நீங்கள் உண்மையைக் கேட்டீர்கள், இதுவும் அதில் ஒரு பகுதி.

சிறி


பென்டில் ஹில்
6 ஏப்ரல் 2025

சிறிபவன்,

மூன்று வாரம் பதில் போடவில்லை. அது கோபமில்லை. உங்கள் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

அவள் எப்படிப் போனாள் என்று நீங்கள் ஒருமுறையும் கேட்கவில்லை. சொல்கிறேன். காலையில் "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பென்டில் ஹில் ரயில் மேடையில் விழுந்தாள். தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. நான் அப்போது வேலையில் இருந்தேன். "பயணி ஒருவருக்குச் சுகமில்லை, எட்டு நிமிடத் தாமதம்" என்று என் திரையில் வந்தது. எட்டு நிமிடத்தையும் பதிவில் குறித்துவிட்டு அடுத்த ரயிலைப் பார்த்தேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அழவும் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை லிட்கம் நூலகத்துக்குப் போனேன். அங்கே சத்தியக் கடுதாசிகளுக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க ஒரு வயதானவர் இருப்பார். ஒப்பந்தத்தை மட்டும் அனுப்பினால், இது யாருடைய கையெழுத்து என்று உங்கள் கந்தோரில் கேட்பார்கள். அதனால் ஒரு சத்தியக் கடுதாசியும் எழுதினேன். "காலமான என் மனைவி வினுஷா இந்த முகவரியில் 2014, 2015 ஆகிய இரண்டு வருடமும் சிறிபவனுடன் ஒரே வளவில் வசித்தார்." அவ்வளவுதான் வசனம். அதற்குக் கீழே என் பெயரை எழுத வேண்டும். கிழவர் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"நீ அங்கே இருந்தாயா?"

"இல்லை."

"அப்படியானால் உனக்கு எப்படித் தெரியும்?"

"அவளுடைய கையெழுத்துத் தெரியும். அவள் பொய் எழுதமாட்டாள்."

"அவர்கள் உண்மையிலேயே கசினா?"

"ஓம்" என்றேன், தமிழில். பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்தேன். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. ஜூனில் நீங்கள் பெட்டி கட்டினால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை. கையெழுத்தை வைத்துவிட்டேன்.

ஒப்பந்தமும் சத்தியக் கடுதாசியும் கூரியரில் நாளை போகின்றன. இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் கையில் கிடைக்கும்.

கல்யாணி அக்கா சொல்கிறா, அப்பா வழியால் பார்த்தால் நீங்கள் எனக்கு மச்சானாம். அம்மா வழியால் பார்த்தால் அண்ணன் முறையாம், ஒரே பெண்ணைக் கட்டக்கூடிய இரண்டு பேர் சகோதரங்களாம். இரண்டும் இப்போதைக்கு வாயில் வரவில்லை.

அந்தக் கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது. போன கடிதத்தில் அதை நான் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இருக்கவில்லை. கொப்பியில் கிழித்த ஒரு தாள். மேலே திகதி, 2015 டிசம்பர். அவளுடைய அப்பாவின் பெயர், உங்கள் அப்பாவின் பெயர், உங்கள் அம்மாவின் பெயர். கீழே ஒரு பக்கம் அவள், மறு பக்கம் நீங்கள். உங்கள் அப்பாவின் பெயர் வழியாக ஒரு கோடு, நீல மையில், உறுதியாக. உங்கள் அம்மாவின் பெயர் வழியாக இன்னொரு கோடு. பென்சிலில் போட்டு அழித்திருக்கிறாள். ஒரு தரமில்லை. அந்த இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது.

நீங்கள் சொன்ன அந்த இரண்டு நாள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எத்தனை நாள் என்று தெரியாமலே எனக்கு ரோவிலிலேயே விளங்கிவிட்டது. என்ன கசின் என்று உங்களைக் கேட்டபோது இந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது.

கந்தோருக்கு இது தேவையில்லை. பிரதி எடுத்து உங்களுக்கு அனுப்பலாம் என்று வேலையிடத்தில் ஸ்கேன் செய்து பார்த்தேன். மூன்று தரம், வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும். நீலக் கோடு விழுகிறது. அழித்த கோடு விழவில்லை.

ஆகவே மூலத்தைக் கூரியர் உறைக்குள் வைத்துவிட்டேன், மடிக்காமல், இரண்டு மட்டைக்கு நடுவில். பிரதியை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு வழிதான் இருக்கிறது.

நிதுஷன்